தேய்ந்த கன்ட்ரோலர்: துடைப்பதா, பாகம் மாற்றுவதா, புதிதாக வாங்குவதா?

பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வீட்டில் பாதுகாத்து வைத்திருப்பவர் இன்றோ நாளையோ ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டியிருக்கும். பட்டனை அழுத்தினாலும் திரையில் இருப்பவன் குதிப்பதில்லை. வலப்பக்கம் போகச் சொன்னால் நின்ற இடத்திலேயே நிற்கிறான். அல்லது விரலை எடுத்த பிறகும் கார் தானாக இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. அந்தக் கன்ட்ரோலரைத் துடைத்துப் பார்ப்பதா, உள்ளிருக்கும் ரப்பரை மட்டும் மாற்றுவதா, கடையில் கொடுப்பதா, புதிதாக ஒன்றை வாங்கிவிடுவதா என்பதே கேள்வி. குன்னூரிலும் உதகையிலும் கோத்தகிரியிலும் இருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. உதிரிப் பாகம் வேண்டுமென்றால் மலைப்பாதையில் இறங்கிக் கோவைக்குப் போக வேண்டும், அல்லது சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ இணையக் கடையிலிருந்தோ கூரியரில் வரவழைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் அந்தக் கூரியரும் கீழேயே நின்றுவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசல் கம்பெனித் தயாரிப்பாக இருந்தால், தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றி அதே கன்ட்ரோலரை வைத்துக்கொள்வதுதான் சரி. கன்ட்ரோலரில் பெரும்பாலும் தேய்பவை ரப்பர், ஒயர், கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக் ஆகிய மூன்றும்தான்; இவை மூன்றும் மாற்றக்கூடியவை. கைக்குப் பழகிய மேலோடும் பட்டன்களும் அவற்றின் எடையும் இனி யாரும் அதே தரத்தில் செய்து தரப்போவதில்லை. நகல் பெட்டியோடு வந்த கன்ட்ரோலராக இருந்தால், துடைப்பதற்கு மேல் செலவு செய்யுமுன் யோசிக்க வேண்டும். இரண்டிலும் மீட்டெடுக்க முடியாத வேலையைக் கடைசிக்குத் தள்ளி வைப்பது நல்லது.

எதைத் தொடங்குவதற்கும் முன், பழுது கன்ட்ரோலரில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டு கன்ட்ரோலர்களையும் சொருகி மாற்றி இணைத்துப் பாருங்கள்; பழுது கன்ட்ரோலரோடு சேர்ந்து இடம் மாறினால் ஐயமில்லை, சொருகியோடு நின்றுவிட்டால் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். எல்லாப் பட்டன்களும் வேலை செய்து, ஆனால் ஒரு கணம் தாமதித்தே செய்வதாகத் தோன்றினால், குற்றம் பெரும்பாலும் புதிய எல்இடி தொலைக்காட்சியுடையது. பழைய சிக்னலைத் தன் திரைக்கேற்ப மாற்றிக் காட்ட அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கன்ட்ரோலரின் தலையில் போட்டு நல்ல பொருளைத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு பட்டன் முரண்டு பிடித்தால் ரப்பரையும், ஒயரை வளைக்கும்போது எல்லாம் சேர்ந்து உயிர்பெற்றால் ஒயரையும் சந்தேகிக்கலாம்.

நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம், 1985-இல் அமெரிக்காவுக்குப் போன அதன் மறுவடிவமான என்இஎஸ், 90-களில் நம் வீடுகளுக்குள் டிவி கேம் என்ற பெயரில் நுழைந்த அவற்றின் எண்ணற்ற நகல்கள் ஆகிய எல்லாவற்றின் கன்ட்ரோலர்களும் ஒரே முறையில்தான் இயங்குகின்றன. என்இஎஸ் கன்ட்ரோலரின் முதுகிலுள்ள 6 திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தால், சிறிய போர்டு ஒன்றும், அதில் 4021 என்ற எண்ணுடைய ஒரே ஒரு சிப்பும், போர்டுக்கும் பட்டன்களுக்கும் இடையே ரப்பர்த் தகடுகளும் தெரியும். 8 பட்டன்களின் நிலையையும் அந்தச் சிப் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் அனுப்புவதால், மின்சாரத்துக்கும் கட்டளைக்கும் சேர்த்து மொத்தம் 5 ஒயர்களே போதுமாகின்றன. ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே ரப்பர்க் குமிழ் ஒன்று இருக்கிறது. குமிழின் அடியில் கரி கலந்த கறுப்பு வில்லை ஒட்டியிருக்கிறது. பட்டனை அழுத்தும்போது, போர்டில் சீப்புப் பற்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும் இரண்டு தடங்களையும் அந்த வில்லை ஒருசேரத் தொட்டு இணைக்கிறது. ஆக, சிப் சாகாதவரை, இந்தக் கன்ட்ரோலரின் ஆயுள் என்பது அந்த வில்லையின் ஆயுள்தான்.

அந்த வில்லையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும். நல்ல நிலையில் உள்ள வில்லை பளபளப்பில்லாத மங்கிய கறுப்பாக இருக்கும். கைவியர்வையும் எண்ணெயும் தூசியும் படிந்தது பளபளக்கும்; இதைத் துடைத்தால் போதும். நடுப்பகுதி வழுவழுப்பாகித் தேய்ந்து, விளிம்பு மட்டும் பழைய நிறத்தில் நிற்பது துடைப்பதால் திரும்பாது. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் அதன் இரு முனைகளையும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் வில்லையின்மேல் வைத்துப் பார்க்கலாம். நல்ல வில்லை சில நூறு ஓம் அளவிலேயே நிற்கும். பல ஆயிரம் ஓம் காட்டுவதும், வைக்கும் ஒவ்வொரு முறையும் எண் தாறுமாறாக மாறுவதும் வேறு வழி தேட வேண்டும் என்பதற்கான அடையாளம்.

துடைப்பதுதான் முதல் வழி. மலிவானது, எதையும் கெடுக்காதது. ஆனால் எதைக் கொண்டு துடைக்கிறோம் என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹாலே இதற்கு உரியது. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் வைத்திருக்கும் சானிடைசரில் கிளிசரின் கலந்திருக்கும். அது காய்ந்த பிறகு மெல்லிய பிசுக்கை விட்டுச்செல்லும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், மூடுபனி இறங்கியிருக்கும் நாளில் அது எளிதில் காயாது. நம் மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும் நீலகிரித் தைலம் ஒட்டுப்பசையை அருமையாக நீக்கும் என்பது உண்மை. ஆனால் அது சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், எண்ணெய்ப் படலத்தையும் விட்டுவைக்கும் என்பதால் கன்ட்ரோலரின் அருகில் கொண்டுவரக் கூடாது. தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் மேலோட்டையே கரைத்துவிடும். மேலோட்டையும் பட்டன்களையும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். வில்லையையும் தடங்களையும் காதுகுடையும் பஞ்சில் ஆல்கஹாலைத் தொட்டு, அழுத்தாமல் துடைத்தால் போதும். போர்டின் தடங்கள் கறுப்பாக இருந்தால் அவையும் கரிப்பூச்சு கொண்டவை; உப்புத்தாளோ அழிப்பானோ கொண்டு தேய்த்தால் பூச்சு உரிந்து, துடைப்பதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை தீராத பழுதாகிவிடும்.

துடைத்தும் சரியாகவில்லை என்றால் இரண்டாவது கட்டம் வருகிறது. வில்லைக்குப் புத்துயிர் கொடுக்க ஊரில் சொல்லப்படும் கைவைத்தியங்கள் பல. 6பி பென்சிலால் தேய்ப்பது உடனே பலன் தரும், ஆனால் கரித்தூள் விரைவிலேயே உதிர்ந்துவிடும். விருந்தாளிகள் வந்திருக்கும் ஒரு மாலைக்கு அது போதும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். அலுமினியத் தாளை வெட்டி ஒட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதன் விளிம்பு போர்டின் தடங்களைக் கீறும், நம் ஊர் ஈரக்காற்றில் அதன் மேற்பரப்பும் மங்கிவிடும். மின்சாரம் கடத்தும் கரிப்பூச்சைச் சிறு புட்டியில் வாங்கித் தடவலாம். நன்றாகத் தடவினால் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் தடிமனாகத் தடவினால் ரப்பர் வளையும்போது பூச்சு வெடித்துவிடும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த வழி, கெட்டுப்போன டிவி ரிமோட் ஒன்றைத் திறப்பதுதான். அதனுள்ளும் இதே வகை ரப்பர்த் தகடு, இதே வகைக் கரி வில்லைகள். அதிகம் அழுத்தப்படாத பட்டன்களின் வில்லைகள் புதிதுபோலவே இருக்கும். கூரிய பிளேடால் வில்லையை ரப்பரிலிருந்து மெல்லிய வில்லையாகவே வெட்டியெடுத்து, கன்ட்ரோலர்க் குமிழின் தேய்ந்த வில்லையின்மேல் ஒரு துளி சிலிகான் பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுக்க உலர விட வேண்டும். தடிமன் கூடிவிட்டால் பட்டன் அழுத்தாமலே தொட்டுவிடும் என்பதால், ஒட்டுவதற்குமுன் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்வது அவசியம். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, எந்தக் கூரியருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, பிடிக்கவில்லை என்றால் பிரித்தெடுத்துவிடலாம். பழைய ரப்பரின் மென்மையும் அப்படியே நிற்கிறது.

அந்த மென்மைதான் புதிய ரப்பர்த் தகட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. என்இஎஸ், சூப்பர் நிண்டெண்டோ, செகா நிறுவனத்தின் மெகா டிரைவ் போன்ற பெயர்பெற்ற பெட்டிகளுக்கு வேறு நிறுவனங்கள் செய்த ரப்பர்த் தகடுகள் இணையத்தில் கிடைக்கின்றன. வாங்கிப் பொருத்த ஐந்து நிமிடம் போதும். ஆனால் அவற்றில் பல அசலைவிட விறைப்பாக இருக்கின்றன, நீண்ட நேரம் விளையாடினால் கட்டைவிரல் வலிக்கிறது. குமிழே கிழிந்திருந்தால் புதிய தகடு தவிர வேறு வழியில்லை. வில்லை மட்டும் தேய்ந்திருந்தால் ரிமோட் வில்லைக்கே என் வாக்கு. நகல் பெட்டிகளின் கன்ட்ரோலர்களுக்கோ அளவு பொருந்தும் தகடு கிடைப்பதே அரிது. அவற்றில் சிப் தனியாக இராமல், போர்டிலேயே கறுப்பு எப்பாக்ஸிப் பசை உருண்டைக்குள் மூடப்பட்டிருக்கும். அது செத்துவிட்டால் மாற்ற இயலாது, அந்தக் கன்ட்ரோலரை அதோடு விட்டுவிட வேண்டியதுதான்.

ஒயர்ப் பழுதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறுபடும் இடம் பெரும்பாலும் கன்ட்ரோலருக்குள் நுழையும் கழுத்துப்பகுதிதான். அந்தக் கழுத்துக்கு அப்பால் சில சென்டிமீட்டர் வெட்டி எறிந்து, மீதி ஒயரைப் போர்டில் மீண்டும் பற்றவைத்தால் வேலை முடிந்தது. நகல்களில் ஒயரின் நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. வெட்டுமுன் எந்த நிறம் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோனி பிளேஸ்டேஷன் 2 வேறு உலகம். 2000-இல் வெளிவந்து 2013 தொடக்கம் வரை தயாரிப்பில் இருந்த அந்தப் பெட்டி இன்னும் நம் ஊர் வீடுகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் டூயல்ஷாக் 2 கன்ட்ரோலர்தான் இப்போது பழுதுபார்க்க அதிகம் வருவது. இதில் பட்டன்களின் கீழே உள்ள தடங்கள் கெட்டியான போர்டில் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. பல மாடல்களில் அந்தப் படலத்தின் நுனி, போர்டின் தொடுபுள்ளிகளோடு பற்றவைக்கப்படாமல், அடியிலுள்ள ஒரு சிறு ஸ்பாஞ்சின் அழுத்தத்தால் மட்டுமே ஒட்டி நிற்கிறது. வருடங்கள் போகப்போக ஸ்பாஞ்ச் தட்டையாகிவிடுகிறது. அப்போது ஒரே நேரத்தில் பல பட்டன்கள் செத்துப்போகும், அல்லது யாரும் தொடாமலே தாமாக அழுந்தும். இதைப் பார்த்ததும் போர்டே போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிப் புதியது வாங்கச் சொல்பவர்கள் பலர். உண்மையில், தொடுபுள்ளிகளை ஆல்கஹாலால் துடைத்து, தட்டையான ஸ்பாஞ்சின் அடியில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று மடிப்பாக வைத்தாலோ, அதே தடிமனில் புதிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை வெட்டி வைத்தாலோ அந்தக் கன்ட்ரோலர் பிழைத்துவிடும். இவ்வளவு எளிய பழுதுக்காக நல்ல டூயல்ஷாக் 2 ஒன்றைக் குப்பைக்கு அனுப்புவது எனக்கு மனம் பொறுக்காத காரியம். அதன் பட்டன்கள் எவ்வளவு அழுத்தமாக அழுத்துகிறோம் என்பதையும் உணர்பவை. கார்ப் பந்தயத்தில் மெல்ல அழுத்தினால் மெல்லவும் ஆழ அழுத்தினால் வேகமாகவும் போவது அதனால்தான். சந்தையிலுள்ள மலிவான நகல்கள் பலவற்றில் அந்த உணர்திறன் கிடையாது. வெளித்தோற்றம் மட்டுமே அசலைப் போன்றது.

ஸ்டிக் தானாக நகர்வது வேறு பழுது. ஸ்டிக்கின் பக்கவாட்டில், அதன் சாய்வை மின் அளவாக மாற்றும் இரண்டு சிறு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன; உள்ளே கரித்தடத்தின்மேல் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருப்பதால் தடம் தேய்ந்து, நடுநிலை எது என்பதில் தடுமாற்றம் வருகிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில நாள் அடங்கும். தேய்ந்த தடம் அதனால் வளராது. இங்கே உண்மையான தேர்வு இரண்டுதான்: அதே வகைப் பொட்டென்ஷியோமீட்டர் ஸ்டிக்கை மாற்றுவது, அல்லது காந்தத்தின் அசைவை உணரும் ஹால் வகை ஸ்டிக்கைப் பொருத்துவது. இரண்டாவதில் உரசும் பாகமே இல்லாததால் தேய்மானமும் இல்லை. ஆனால் பழைய கன்ட்ரோலர்கள் நடுநிலையைத் தாமாகத் திருத்திக்கொள்வதில்லை என்பதால், பொருத்தமில்லாத ஹால் ஸ்டிக்கைப் போட்டால் புதிய பாகமே சற்று சாய்ந்து நிற்கக்கூடும். ஆகவே அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டது கிடைத்தால் ஹால் வகை, கிடைக்காவிட்டால் பழைய வகையே மேல். எதுவானாலும், வழக்கமான ஸ்டிக்கில் 14 கால்களைப் பற்றவைப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். தொடக்கக்காரர் செய்தால் போர்டின் தடம் சூட்டில் பெயர்ந்து வரும் ஆபத்து உண்டு. இந்த ஒரு வேலையை மட்டும் கடையில் கொடுப்பதே நல்லது.

1996-இல் வந்த நிண்டெண்டோ 64 இங்கே அரிதுதான், இருந்தாலும் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொடுத்துவிட்டுப்போன பெட்டிகள் சில எஸ்டேட் பங்களாக்களில் உண்டு. அதன் ஸ்டிக்கில் பொட்டென்ஷியோமீட்டர் இல்லை. துளையிட்ட இரண்டு சக்கரங்கள் சுழல, அவற்றின் ஊடே பாயும் ஒளி வெட்டுப்படுவதை எண்ணியே நகர்வு அளக்கப்படுகிறது. எண்ணும் முறை இன்றும் துல்லியமானதே. தேய்வது ஸ்டிக்கின் அடிநுனியும் அது உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் கிண்ணமும். திறந்து பார்த்தால் அரைபட்ட பிளாஸ்டிக் வெண்பொடியாகக் கிடக்கும், ஸ்டிக் தளர்ந்து தொங்கும். கிண்ணமும் பற்சக்கரங்களும் மட்டும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அவற்றை மாற்றினால் பழைய துல்லியம் திரும்பும். நிண்டெண்டோவின் அடுத்த பெட்டியான கேம்கியூப் பாணியில் செய்த முழு ஸ்டிக்கைப் பொருத்துவது எளிது, ஆனால் அதன் வீச்சு அசலைப் போல இருப்பதில்லை. லேசாகத் தள்ளினாலே தேவைக்கு மேல் திரும்பிவிடுகிறது. பொறுமை உள்ளவர் கிண்ணத்தையே மாற்றட்டும்.

புதிய நகல் வாங்குவது எப்போது சரி? கெட்டது நகல் பெட்டியின் கன்ட்ரோலராக இருந்து, உருண்டைச் சிப்பும் செத்திருந்தால் வேறு வழியில்லை. வாங்குமுன் சொருகியை நன்றாகப் பார்க்க வேண்டும். நகல் பெட்டிகள் பலவற்றில் 9 முனைச் சொருகி இருக்கும். செகா கன்ட்ரோலரும் அதே வடிவம்தான், உள்ளே போய் உட்காரும், ஆனால் உள்ளிணைப்பு வேறு என்பதால் வேலை செய்யாது, பெட்டிக்கும் நல்லதல்ல. இணையத்தில் பழைய தோற்றத்தில் விற்பவற்றில் பல, கம்ப்யூட்டரில் சொருகும் யுஎஸ்பி வகை. அசல் ஃபேமிகாம் வைத்திருப்பவருக்கு இந்த வழி எளிதல்ல. அதன் கன்ட்ரோலர்கள் பெட்டியின் உள்ளேயே இணைக்கப்பட்டவை.

பயன்படுத்திய அசலை வாங்குவது நல்ல வழிதான், ஆனால் விற்பவர் அனுப்பும் படத்தில் தேய்மானம் தெரியாது. வந்ததும் அதையும் துடைத்து, வில்லையைப் பார்த்தே ஆக வேண்டும். ப்ளூடூத் ஏற்பியைப் பெட்டியில் சொருகி, ஒயரில்லாத புதிய கன்ட்ரோலரால் விளையாடுவது மூன்றாவது வழி. சிறுவர்கள் ஒயரை இழுத்துப் பெட்டியைக் கீழே தள்ளும் வீட்டில் அதன் அருமை தெரியும். நல்ல ஏற்பியின் தாமதம் பெரும்பாலோரின் கைக்குத் தெரியாது. பழைய கன்ட்ரோலரை அப்படியே உறங்கவிடவும் அது உதவும். என்றாலும் அதை மாற்று ஏற்பாடாகவே நான் கருதுகிறேன். பழுது அங்கேயேதான் இருக்கிறது.

இனி, வீட்டிலா கடையிலா என்பது. திறப்பது, துடைப்பது, வில்லை ஒட்டுவது, ஸ்பாஞ்ச் வைப்பது ஆகிய எல்லாம் நட்சத்திர முனைத் திருப்புளி ஒன்றை வைத்து வீட்டிலேயே செய்யக்கூடியவை. ஒயர் பற்றவைப்பதை, கை பழகியவர் செய்யலாம். ஸ்டிக் மாற்றுவதைச் செல்போன் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கலாம். சூடான காற்றுக் கருவியும் உருப்பெருக்கியும் அவரிடம் இருக்கும், அவர் தினமும் கையாளும் நுண்ணிய பாகங்களை விட இதன் பாகங்கள் பெரியவை. டிவி மெக்கானிக்குகளில் மூத்தவர்களுக்கு இந்தக் கை நன்றாகவே வரும், கிடைத்தால் அவர்களிடமே கொடுங்கள்.

காலத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. மார்கழி, தை மாதங்களில் தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் நாட்களில் காற்று வறண்டிருக்கும். கம்பளி ஸ்வெட்டரோடு உட்கார்ந்து போர்டைத் தொட்டால் உடலிலுள்ள நிலைமின்சாரம் 4021 போன்ற சிப்புகளைக் கொன்றுவிடக்கூடும். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்து, தரையோடு இணைந்த உலோகக் குழாய் எதையாவது தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மழைக்காலத்தில் எதிர்ச்சிக்கல்: ஆல்கஹால் ஆவியாகும்போது போர்டு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. துடைத்த உடனே மூடிவிடாமல், மேசை விளக்கின் அருகில் சிறிது நேரம் வைத்து உலர்ந்த பிறகே திருக வேண்டும். கிண்ணம், ஸ்டிக், ரப்பர்த் தகடு என்று வெளியிலிருந்து வர வேண்டியவை இருந்தால் புரட்டாசிக்குள் வரவழைத்துவிடுவது உசிதம்.

கடையில் கொடுக்கும்போது எந்தப் பட்டன், எப்போது, எப்படிக் கெடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி கன்ட்ரோலரோடு சுற்றிக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் திருப்பித் தரச் சொல்லுங்கள். அதே மாடலில் செத்த கன்ட்ரோலர் இன்னொன்று இருந்தால் அதையும் சேர்த்தே கொடுக்கலாம், ஒன்றின் ஸ்டிக்கும் மற்றொன்றின் படலமும் சேர்ந்து முழுதாக ஒன்று தேறிவிடும்.